டவர் உயர்ந்தால் இரைச்சல் தாழுமா?

கேள்வி, 5 அக்டோபர் 2024

ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலிக்காக, தஞ்சாவூரில் முதல் தளத்து மொட்டை மாடியில் 6 மீட்டர் ஜி.ஐ. குழாய் நட்டு, நடு உச்சியிலிருந்து இரு பக்கமும் சரியும் தலைகீழ் ‘வி’ ஆன்டெனாவை 7 மெகாஹெர்ட்ஸுக்காகக் கட்டியிருக்கிறேன். ரெஸ்ட்ரிக்டட் உரிமம், 50 வாட். மாலை ஆறரை மணிக்கு மேல், சிக்னலின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டர் வெறும் இரைச்சலாலேயே 8-இல் ஏறி அங்கேயே நின்றுவிடுகிறது. பெங்களூருக்காரர்கள் பேசுவதுகூடக் கேட்பதில்லை. சூரியச் சுழற்சி உச்சத்தில் இருந்து, தொலைதூரச் சிக்னல்கள் நன்றாகக் கேட்க வேண்டிய ஆண்டில் இப்படி உட்கார்ந்திருப்பது வேதனையாக உள்ளது. 15 மீட்டர் டவர் போட்டால் இரைச்சலுக்கு மேலே போய்விடலாம் என்று நினைக்கிறேன். பட்டறையில் விலையும் கேட்டாயிற்று. முன்பணம் கொடுக்கலாமா, ஐயா?

6 அக்டோபர் 2024

பதில்: கொடுக்க வேண்டாம். மேடேறி நின்று தப்பிப்பதற்கு இரைச்சல் வெள்ளம் அன்று. அது உங்கள் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பிகளிலிருந்தே கிளம்பி, உங்கள் கேபிளின் வெளிப்பின்னல் வழியாகவே மேலேறி ஆன்டெனாவுக்குப் போய், அங்கிருந்து உள்கம்பி வழியாக இறங்கி வந்துகொண்டிருக்கலாம். அப்படியானால் டவரை 15 மீட்டர் ஆக்கினாலும் 50 மீட்டர் ஆக்கினாலும் அது கூடவே ஏறி வரும்.

முதலில் ஒரு சோதனை. ரேடியோவை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டுங்கள். இரைச்சல் உச்சத்தில் இருக்கும் நேரத்தில் வீட்டின் மெயின் சுவிட்சை அணையுங்கள். மீட்டர் விழுந்தால் குற்றவாளி வீட்டுக்குள் இருக்கிறான்; விழாவிட்டால் வெளியே. விழுந்தால் மெயினை மீண்டும் போட்டு, மின்பலகையில் உள்ள எம்.சி.பி. சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கி எந்த அறை என்று பார்க்கலாம்.

கடலூரில் என் வீட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சோதனையைச் செய்தேன். மெயினை அணைத்தும் மீட்டர் முள் அசையவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் சூரியமின் தகடுகள் பொருத்தியிருக்கிறார்கள். அவற்றின் இன்வெர்ட்டர்தான் காரணம் என்று அன்றே முடிவு கட்டினேன். அதைச் சொல்லிச் சண்டையிட மனம் வராததால், இரவு பதினொரு மணிக்கு மேல் மட்டும் பேசுவது என்று என் பழக்கத்தையே மாற்றிக்கொண்டேன்.

6 அக்டோபர் 2024, இரவு

வெளியிலிருந்து வருவது என்று தெரிந்தால் மின்கம்பத்தையும் மறந்துவிடாதீர்கள். மின்கம்பத்தில் பொறி பறக்கும் இரைச்சல் ‘ர்ர்ர்’ என்று ஒரே சீரான உறுமலாகக் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஒரு சுற்றில் இருமுறை பொறி தட்டி 100 ஹெர்ட்ஸ் உறுமலாகிறது. மழை பெய்தால் அது நின்றுவிடும். எல்.இ.டி. விளக்கு, சார்ஜர் போன்றவற்றின் உள்ளே இருக்கும் சுவிட்ச் முறை மின்வழங்கியின் இரைச்சல் வேறு வகை. அது மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுப்பது. 65 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 65,000 முறை, அது சுவிட்ச் செய்கிறது என்று வைத்துக்கொண்டால், 65 கிலோஹெர்ட்ஸுக்கு ஓர் இரைச்சல் மேடு என்று அலைவரிசை முழுவதும் மேடுகள் முளைக்கும்; 7 மெகாஹெர்ட்ஸில் நீங்கள் கேட்பது அதன் நூற்றுக்குமேற்பட்ட மடங்கு. கருவி சூடேறச் சூடேற அந்த மேடுகள் மெல்ல நகரும். டயலைத் திருப்பி மேடுகளுக்கு இடையிலான தூரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது குற்றவாளியின் கைரேகை போன்றது.

காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் மட்டும் வரும் இரைச்சலை ஆராய வேண்டாம். அது சட்னி. மிக்சியின் கார்பன் பிரஷ் தானாக நிற்கும்.

9 அக்டோபர் 2024

நேற்றிரவு கேள்வி கேட்டவரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: “ஐயா, மெயினை அணைத்தபோது தங்கள் வீட்டு இன்வெர்ட்டரையும் அணைத்தீர்களா?”

அந்த வரியை மூன்று முறை படித்தேன்.

மெயினை அணைத்தால், மின்வெட்டு என்று நினைத்து இன்வெர்ட்டர் உடனே பேட்டரிக்கு மாறி, மின்விசிறிக்கும் விளக்குக்கும் தொடர்ந்து மின்சாரம் கொடுக்கும். அதற்காகத்தானே அதை வாங்கினோம்? அன்று நான் உட்கார்ந்திருந்த அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. அந்தக் காற்றில் அமர்ந்தபடியேதான் “வீட்டில் மின்சாரமே இல்லை, ஆகவே பக்கத்து வீடு” என்று தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

10 அக்டோபர் 2024

இன்று மாலை இன்வெர்ட்டரின் வெளியீட்டையும் சேர்த்து அணைத்தேன். எஸ் 8-இல் இருந்த முள் எஸ் 4-க்கு விழுந்தது.

நான்கு எஸ் அலகு என்றால் 24 டெசிபல், அதாவது இரைச்சலின் ஆற்றல் ஏறத்தாழ 250-இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. இதை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். உங்கள் 50 வாட்டை 200 வாட்டாக உயர்த்தினால் எதிர்முனையில் இருப்பவருக்கு ஒரே ஓர் எஸ் அலகுதான் கூடும். பணம் செலவழித்து அவர் காதில் ஓர் அலகு கூட்டுவதைவிட, காசில்லாமல் நம் காதில் நான்கு அலகு குறைப்பது மேல்.

பிறகு இன்வெர்ட்டரைப் போட்டுவிட்டு ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினேன். கையில் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ, மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வைத்தது. கூடத்தைத் தாண்டும்போது முணுமுணுத்தது, சமையலறையில் அடங்கியது, பூஜை அறை வாசலில் அலறியது. முருகன் படத்துக்கு மேலே சிவப்பாக எரியும் எல்.இ.டி. மாலை; அதன் அடாப்டர் தீப்பெட்டி அளவுகூட இல்லை. தேர்த் திருவிழாக் கடையில் அம்மா ஆசையாக வாங்கியது. இரவு பகல் அணையாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அதை இன்வெர்ட்டர் இணைப்பில் மாட்டிக் கொடுத்ததே நான்தான்.

11 அக்டோபர் 2024

விளக்கை எடுக்க அம்மா சம்மதிக்கவில்லை. “உன் ரேடியோவை எடு” என்றார்.

12 அக்டோபர் 2024

கம்பியில் ஓடும் இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருளான ஃபெரைட்டில் செய்த வளையத்தை மாட்டிப் பார்க்கலாம் என்று முயன்றதைப் பதிவு செய்கிறேன். கடைகளில் கிடைக்கும் கிளிப் வகை ஃபெரைட்டைக் கம்பியில் ஒருமுறை கவ்வவிட்டால் 7 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஒன்றும் நடக்காது. அந்தக் கிளிப்புகள் பெரும்பாலும் இன்னும் உயர்ந்த அதிர்வெண்களுக்காகச் செய்யப்படுபவை. கம்பியை வளையத்துக்குள் பலமுறை சுற்ற வேண்டும். தடுப்புத்திறன் சுற்றுகளின் வர்க்கத்துக்கேற்ப உயர்வதால், ஒரு சுற்றுக்குப் பதில் பத்துச் சுற்று என்றால் கணக்குப்படி நூறு மடங்கு. நடைமுறையில் சுற்றுகளுக்கு இடையிலான மின்தேக்கம் கொஞ்சம் தின்றுவிடும். வாங்குவதானால் ஃபெரைட் வகைகளில் 31 ஆம் எண் கலவை. 43 ஆம் எண்ணை விடத் தாழ்ந்த அலைவரிசைகளில் அது நன்றாகப் பிடிக்கிறது. என்னிடம் கைவசம் இருந்தது பழைய தொலைக்காட்சியின் படக்குழாய்க் கழுத்தில் இருக்கும் யோக்கு என்ற காந்தச் சுருளிலிருந்து உடைத்தெடுத்த ஃபெரைட். அடாப்டர் கம்பியை அதில் பதினொரு சுற்று சுற்றினேன். எஸ் 8 என்பது எஸ் 6 ஆனது. போதவில்லை.

இறுதியில் அம்மாவோடு ஓர் உடன்படிக்கைக்கு வந்தேன். அதே சிவப்பு மாலை, ஆனால் அடாப்டர் இல்லை. பழைய இரும்புக் கரு மின்மாற்றி, நான்கு டையோடு, ஒரு மின்தேக்கி, ஒரு மின்தடை. இரும்பு மின்மாற்றி எதையும் வேகமாகச் சுவிட்ச் செய்யாது, ஆகவே சத்தமும் இல்லை. முருகன் முன்னிலும் பிரகாசமாக இருக்கிறார்.

13 அக்டோபர் 2024

ஆறாம் தேதி எழுதியதில் சற்று அவசரம் இருந்தது. உயரம் பயனற்றது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

7.1 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 42 மீட்டர். அதை 6.28 ஆல் வகுத்தால் கிடைக்கும் 6.7 மீட்டர் தூரம் வரை அண்மைப்புலம் ஓங்கி நிற்கிறது. அந்த எல்லைக்குள் இருக்கும் மின்கம்பிகளோடு ஆன்டெனா நேரடியாகவே பிணைந்துவிடும். உங்கள் 6 மீட்டர் குழாயில் உச்சி மட்டுமே மாடியிலிருந்து 6 மீட்டர். தலைகீழ் ‘வி’யின் முனைகள் கைப்பிடிச் சுவருக்கருகே, விளக்குக் கம்பிகளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆன்டெனாவை வீட்டிலிருந்து ஐந்தாறு மீட்டர் விலக்கினாலே இரைச்சல் குறையக்கூடும். விலக்குவது மேல்நோக்கியும் இருக்கலாம், தோட்டத்துப் பக்கமாகவும் இருக்கலாம். தென்னை மரம் இருந்தால் அதற்கு முன்பணம் கேட்க மாட்டார்கள்.

மேலும், 7 மெகாஹெர்ட்ஸில் தாழ்வாகக் கட்டிய டைபோல் (உங்கள் தலைகீழ் ‘வி’யும் இந்த வகைதான்) பெரும்பாலும் வானத்தை நோக்கியே கதிர்களை அனுப்பும். அவை அயனி மண்டலத்தில் பட்டு மழைபோல் சுற்றுவட்டாரத்தில் இறங்கும். தஞ்சையிலிருந்து பெங்களூருக்கு வேண்டியது அதுதான். ஐரோப்பா வேண்டும் என்றால் உயரம் வேண்டும், அரை அலைநீளம் என்றால் 21 மீட்டர். அந்த ஆசை வந்தால் 15 மீட்டருக்கு வாங்கிய விலைப்பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கேட்க வேண்டியிருக்கும்.

20 அக்டோபர் 2024

தஞ்சாவூர் நண்பர் தம் சோதனை முடிவுகளை அனுப்பியிருக்கிறார். இன்வெர்ட்டர் உட்பட எல்லாம் அணைத்தும் அவருக்கு எஸ் 8 எஸ் 7 ஆனதோடு சரி. ஆகவே அடுத்த சோதனை.

ஆன்டெனா கேபிளை ரேடியோவிலிருந்து முழுவதுமாகக் கழற்றுங்கள்; இரைச்சல் அடங்க வேண்டும். பிறகு, பிளக்கின் நடு ஊசி எங்கும் படாமல் அதன் வெளிக்கூட்டை மட்டும் ரேடியோவின் சாக்கெட் உடம்பில் தொடுங்கள். அப்போதே முள் எழுந்தால், கேபிளின் வெளிப்பின்னல் தனியே ஆன்டெனாவாக வேலை செய்கிறது என்று பொருள். வீட்டு இரைச்சல் அதில் ஏறிப் போகிறது. இதற்கு மருந்து, கேபிளையே ஃபெரைட் வளையத்தில் சுற்றிச் செய்யும் சோக். ஆர்.ஜி. 58 கேபிள் என்றால் 61 மில்லிமீட்டர் வளையத்தில் 12 சுற்று எளிதாகப் போகும். ஒன்று ஆன்டெனாவின் மையத்தில், மற்றொன்று கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில். மையத்தில் கட்டும் சோக்கின் எடையை முடிச்சுக் கயிறு தாங்க வேண்டும், கேபிள் தாங்கக்கூடாது. இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு கேபிள் செலவானது.

21 அக்டோபர் 2024

“நல்ல எர்த்து போட்டால் இரைச்சல் மண்ணுக்குள் போய்விடாதா?” என்று கேட்கிறார். எல்லோரும் கேட்பது இது. நானும் ஒரு காலத்தில் கரியும் உப்பும் கொட்டிக் குழி வெட்டியவன்தான்.

மாடியிலிருந்து தரைக்கு எர்த்துக் கம்பி பத்தரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 7.1 மெகாஹெர்ட்ஸில் அது ஏறத்தாழச் சரியாகக் கால் அலைநீளம். கால் அலைக் கம்பியின் ஒரு முனை தரையோடு சேர்ந்திருந்தால் மறுமுனை அந்த அதிர்வெண்ணுக்கு அடைத்த கதவைப் போல நிற்கும்; இரைச்சல் அதன் வழியே மண்ணுக்குள் இறங்காது. மின்சாரப் பாதுகாப்புக்கு அது எர்த்து. ரேடியோவுக்கு அது இன்னோர் ஆன்டெனா. இடி மின்னலுக்கும் மின்கசிவுக்கும் எர்த்து அவசியம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. இரைச்சலைப் போக்கும் பொறுப்பை மட்டும் அதன் தலையில் சுமத்த வேண்டாம்.

1 நவம்பர் 2024

நேற்று தீபாவளி. தெரு முழுவதும் சீரியல் விளக்குகள். மீட்டர் முள் எஸ் 9-ஐயும் தாண்டி 10 டெசிபல் மேலே. ரேடியோவை அணைத்துவிட்டு அதிரசம் சாப்பிட்டேன்.

29 நவம்பர் 2024

வங்கக் கடலில் புயல். இன்று காலை என் ஆன்டெனாக் கம்பத்தைச் சாய்த்துவிட்டேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் கம்பத்தின் மேல் விழும் விசை நான்கு மடங்காகும் என்பதால், “போன புயலுக்குத் தாங்கியதே” என்ற வாதம் செல்லாது. சாய்க்கும் வகையில் அடியில் கீல் வைத்துக் கட்டியதற்கு இன்று என்னை நானே பாராட்டிக்கொண்டேன். 120 பாகைக்கு ஒன்றாக மூன்று இழுகம்பிகளில் ஒன்றை அவிழ்த்துக் கயிற்றில் இறக்க, கீழே இருவர், மேலே ஒருவர். கீழே நின்ற இருவரில் ஒருவர் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், அழைக்காமலே வந்தார். அவருடைய சூரியமின் இன்வெர்ட்டரை இரண்டு ஆண்டுகள் மனத்துக்குள் திட்டியதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

3 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் 30 ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்தது. தென்பெண்ணையில் வெள்ளம். எங்கள் தெருவில் தண்ணீர் வாசற்படியோடு நின்றது. மின்சாரம் இல்லை, இன்வெர்ட்டர் பேட்டரியும் தீர்ந்தது, கைபேசிக்கும் சிக்னல் இல்லை.

ஜன்னலிலிருந்து முருங்கை மரத்துக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் ஒரு கம்பியைக் கட்டி, சிறிய பேட்டரியில் ரேடியோவைப் போட்டேன். பழுதாகிவிட்டதோ என்று முதலில் பயந்தேன், அவ்வளவு அமைதி. முள் எஸ் 1-இல் கிடந்தது. பிறகு ஒவ்வொருவராகக் குரல்கள் எழுந்தன. மாடியில் 9 மீட்டர் கம்பத்தோடு பல மாதங்களாகக் கேட்காதவர்கள் எல்லாம், முருங்கைக் கிளையில் கட்டிய கம்பியில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல் கேட்டார்கள்.

ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்தார். “கைபேசி வந்த பிறகும் இது எதற்கு என்று கேட்க நினைத்திருந்தேன், இனிக் கேட்க மாட்டேன்” என்றார். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் குழு ஒன்று பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்ளப் போர்ட் பிளேயர் போயிருந்ததையும், சுனாமி வந்தபின் அதே நிலையத்திலிருந்து தகவல்களை அனுப்பிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். அப்போதுதான் அவர் மெதுவாக, “உங்கள் ரேடியோவுக்கும் என் வாசல் மணிக்கும் ஏதாவது உறவு உண்டா?” என்றார்.

4 டிசம்பர் 2024

உறவு உண்டு. இரண்டு ஆண்டுகளாக உண்டு.

அவர் வாசலில் இருப்பது இரண்டு பென்சில் பேட்டரியில் இயங்கும் குருவிச் சத்த மணி. கேட்டில் உள்ள பொத்தானிலிருந்து எட்டு மீட்டர் கம்பி உள்ளே வருகிறது. இரவு பதினொரு மணிக்கு மேல் நான் பேசும்போதெல்லாம் அந்தக் கம்பி என் அலையை ஏந்தி, மணியின் சிறு சில்லு அதைப் பொத்தான் அழுத்தலாக எடுத்துக்கொண்டு கூவியிருக்கிறது. அவருடைய மனைவி எழுந்து வந்து கதவைத் திறந்து பார்ப்பாராம். பேய் என்று பேரன்கள் சொன்னார்களாம். அவர் இரைச்சலுக்குப் பயந்து பதினொரு மணிக்கு நேரத்தை மாற்றியவன் நான். அதனால் தூக்கம் கெட்டவர்கள் அவர்கள்.

பூஜை அறைக் கதையை இப்போது சொல்லியே ஆக வேண்டியதாயிற்று. சொன்னேன். வெகுநேரம் சிரித்தார்.

8 டிசம்பர் 2024

மின்சாரம் வந்தபின் மணியைச் சரிசெய்தோம். மணிப் பெட்டிக்குள் கம்பி நுழையும் இடத்தில் யோக்கு ஃபெரைட்டில் பத்துச் சுற்று. பொத்தான் முனைகளுக்குக் குறுக்கே 10 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கி. இது பேட்டரி மணி என்பதால் இவ்வளவு எளிது. 230 வோல்ட் மணியில் சாதாரண மின்தேக்கியைக் குறுக்கே போடக் கூடாது, அதற்கென்று பாதுகாப்புத் தர வகை இருக்கிறது. நான் மாடியில் ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று 50 வாட்டில் எண்ண, அவர் வாசலில் நின்று கைகாட்டினார். மணி அடிக்கவில்லை.

14 டிசம்பர் 2024

அக்டோபர் 6 இரவு எழுதியதில் ஒரு பிழை. மழை பெய்தால் மின்கம்ப இரைச்சல் நின்றுவிடும் என்று பொதுவாக எழுதிவிட்டேன். தளர்ந்த இரும்பு இணைப்புகளில் பொறி பறப்பது என்றால் அது சரி. ஈரம் இடைவெளியை நிரப்பிவிடுகிறது. கடலோரத்தில் வேறொன்றும் உண்டு. பீங்கான் இன்சுலேட்டர் மேல் உப்பு படிந்திருக்கும். காய்ந்த உப்பு சும்மா இருக்கும், விடியற்காலைப் பனி பட்டதும் மின்சாரம் கசியும், உறுமும். நல்ல கனமழை அதைக் கழுவிவிடும். புயலுக்குப் பின் எங்கள் தெரு மின்கம்பம் பத்து நாள் மௌனமாக இருந்ததன் காரணம் அதுவாக இருக்க வேண்டும். கம்ப எண்ணைக் குறித்து லைன்மேனிடம் கொடுத்திருக்கிறேன். புயல் வேலை முடியட்டும் என்றார், நியாயம்தான்.

நேற்று கார்த்திகை. தெருவெல்லாம் அகல் விளக்கு. எண்ணெய்த் திரி எந்த அலைவரிசையிலும் பேசுவதில்லை.

15 ஜனவரி 2025

பொங்கல் விடுமுறையில் ஆன்டெனாக் கம்பத்தைத் திரும்ப நிறுத்தினோம், அதே 9 மீட்டர். இழுகம்பிகளை இம்முறை முட்டை வடிவப் பீங்கான்களால் துண்டாக்கிவிட்டேன், நீளக் கம்பி தானும் ஆன்டெனாவாகிவிடாதபடி. தஞ்சாவூர் நண்பர் இரண்டு சோக்கும் கட்டி, ‘வி’யின் ஒரு முனையைக் கொல்லைப்புறத் தென்னைக்கு இழுத்துவிட்டாராம். மாலையில் அவருக்கு எஸ் 4. இன்று காலை 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் அரை மணி நேரம் பேசினோம். பட்டறைக்காரர் இன்னும் தொலைபேசியில் அழைக்கிறாராம். “வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, ஐயா, ஐரோப்பா கேட்க வேண்டும் போல் இருக்கிறது” என்றார்.

22 ஜனவரி 2025

14 மெகாஹெர்ட்ஸில் நேற்று முதல் புதிய இரைச்சல். இரவு ஒன்பதரைக்குத் தொடங்கி ஒரு மணிக்கு நிற்கிறது. மேடுகளுக்கு இடையில் சுமார் 80 கிலோஹெர்ட்ஸ். இம்முறை பக்கத்து வீட்டைப் பார்க்கவே இல்லை. நேராகக் கீழே இறங்கிப் போனேன். என் மகன் பொங்கலுக்கு வாங்கிய மின்சார ஸ்கூட்டர், வராந்தாவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.